பள்ளியே ஆசிரியரை உருவாக்கினால் பில் யார் பெயருக்கு வரும்? இங்கிலாந்தின் 15 ஆண்டு அனுபவம் சொல்வது என்ன?

இங்கிலாந்தில் 2023-24 கல்வியாண்டில், ஆசிரியர் பயிற்சிக்கு 100 இயற்பியல் பட்டதாரிகள் தேவை என்று அரசு கணக்குப் போட்ட இடத்தில் வந்து சேர்ந்தவர்கள் 17 பேர். அதே ஆண்டு உடற்கல்விக்கு 100 பேர் கேட்ட இடத்தில் 181 பேர் சேர்ந்தார்கள்.

இதில் விசித்திரம் என்னன்னா, இயற்பியல் பயிற்சியில் சேர்ந்தால் வரி பிடித்தம் இல்லாமல் 27,000 பவுண்டு உதவித்தொகை. உடற்கல்விக்கு ஒரு பைசா கிடையாது.

பணம் கொடுத்தும் ஏன் ஆள் வரவில்லை? பணம் கொடுக்காமலே ஏன் கூட்டம் வந்தது? இந்தக் கேள்விக்குப் பின்னால், 2010 முதல் இங்கிலாந்து செய்துவரும் ஒரு பெரிய மாற்றம் இருக்கிறது. ஆசிரியர்களை உருவாக்கும் பொறுப்பைப் பல்கலைக்கழகங்களிடமிருந்து பள்ளிகளின் கைக்குக் கொண்டுபோன மாற்றம் அது. இந்தியாவும் ஆசிரியர் கல்வியைத் திருத்தி எழுதிக்கொண்டிருக்கும் நேரத்தில், அந்தக் கணக்கை நாம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

பள்ளி வழிப் பயிற்சி என்றால் என்ன?

நம் ஊரில் ஆசிரியராக வேண்டும் என்றால் முதலில் கல்லூரி, பி.எட்., இடையில் சில வாரம் பள்ளியில் இன்டர்ன்ஷிப், அப்புறம் தேர்வு, அப்புறம் வேலை. இங்கிலாந்திலும் நீண்ட காலம் பல்கலைக்கழகம்தான் மையம். பட்டம் முடித்தவர் ஓராண்டு பி.ஜி.சி.இ. படிப்பில் சேர்வார். கூடவே, அரசுப் பள்ளிகளில் கற்பிக்க அடிப்படையான 'க்யூ.டி.எஸ்.' என்ற தகுதியையும் பெறுவார்.

இதற்கு மாற்றாக, பள்ளிகள் குழுவாகச் சேர்ந்து தாங்களே பயிற்சி நடத்தும் 'ஸ்கிட்' என்ற முறை 1993-லேயே வந்துவிட்டது. ஆனால் அது சிறிய அளவில்தான் இருந்தது.

2010 நவம்பரில் அப்போதைய கல்வி அமைச்சர் மைக்கேல் கோவ் வெளியிட்ட வெள்ளை அறிக்கை, பள்ளிகளையே மையத்துக்குக் கொண்டுவந்தது. ஆசிரியர் வேலை என்பது ஒரு கைத்தொழில் மாதிரி, தேர்ந்த ஆசிரியரின் பக்கத்தில் நின்று கற்றுக்கொள்வதே சிறந்தது என்பது வாதம். 2012-ல் 'ஸ்கூல் டைரக்ட்' திட்டம் தொடங்கியது. இதில் பள்ளியே ஆளைத் தேர்ந்தெடுக்கும், பள்ளியே பயிற்சியை வழிநடத்தும், சான்றளிப்பதற்கு ஒரு பல்கலைக்கழகத்தையோ ஸ்கிட்டையோ கூட்டுச் சேர்த்துக்கொள்ளும். முடித்தவரை அந்தப் பள்ளியோ அதன் கூட்டாளிப் பள்ளியோ வேலைக்கு எடுத்துக்கொள்ளும் என்பது எதிர்பார்ப்பு.

வளர்ச்சி வேகமாக இருந்தது. 2015-16-ல் பட்டமேற்படிப்பு நிலையில் பயிற்சியில் சேர்ந்தவர்களில் பாதிக்கும் சற்று அதிகமானோர் பள்ளி வழிப் பாதைகளில் இருந்தார்கள்.

யோசனையில் தப்பில்லை. சிக்கல் கணக்கில் இருந்தது.

பயிற்சி பெறுபவரின் கணக்கு

இங்கிலாந்தில் வாழும் ஒருவர், வயது 29, ஏதோ ஒரு அலுவலகத்தில் வேலை. அதை விட்டுவிட்டு ஆசிரியராகலாம் என்று யோசிக்கிறார்னு வச்சுக்கங்க. 2025-26 கல்வியாண்டில் அவர் முன் மூன்று கதவுகள்.

முதல் கதவு: இயற்பியல், கணிதம், வேதியியல், கணினி போன்ற பற்றாக்குறைப் பாடம். உதவித்தொகை 29,000 பவுண்டு. பயிற்சிக் கட்டணம் அதிகபட்சம் 9,535 பவுண்டு. கட்டணத்தைக் கையிலிருந்து கட்டினால்கூட 19,465 பவுண்டு மிஞ்சும்.

இரண்டாவது கதவு: வரலாறு, உடற்கல்வி அல்லது தொடக்கப்பள்ளி. உதவித்தொகை பூஜ்யம். கட்டணம் அதே 9,535. ஒரு பவுண்டைத் தோராயமாக 115 ரூபாய் என்று எடுத்துக்கொண்டால் சுமார் 11 லட்சம் ரூபாய். அரசுக் கல்விக்கடன் கிடைக்கும், ஆனால் கடன் கடன்தான். வாடகை, சாப்பாடு தனி.

மூன்றாவது கதவு: சம்பளத்துடன் பயிற்சி. கட்டணம் இல்லை. தகுதிபெறாத ஆசிரியருக்கான குறைந்தபட்ச ஊதியம், லண்டனுக்கு வெளியே ஆண்டுக்கு 22,601 பவுண்டு.

வீட்டுக் கடனும் குழந்தையும் உள்ள ஒருவருக்கு மூன்றாவது கதவுதான் உண்மையில் கதவு. வேறு துறையில் அனுபவம் உள்ளவர்களை வகுப்பறைக்குக் கொண்டுவரணும் என்றால் அதைத்தான் அகலத் திறக்க வேண்டும். ஆனால் இன்று மொத்தப் பயிற்சி இடங்களில் சம்பளத்துடன் கூடியவை சிறு பகுதி மட்டுமே. ஏன்?

பள்ளியின் கணக்கு

அந்த 22,601 பவுண்டு, பள்ளிக்கு 22,601-ல் முடிவதில்லை. முதலாளி கட்டவேண்டிய தேசியக் காப்பீடு 2025 ஏப்ரல் முதல் 5,000 பவுண்டுக்கு மேற்பட்ட ஊதியத்தில் 15 சதவீதம். அது 2,640 பவுண்டு. ஆசிரியர் ஓய்வூதியத் திட்டத்துக்கு முதலாளி பங்கு 28.68 சதவீதம். அது 6,482 பவுண்டு. கூட்டினால் 31,723 பவுண்டு. அதற்கு மேல், சான்றளிக்கும் நிறுவனத்துக்குப் பயிற்சிக் கட்டணம்.

இதே வழியில் கணக்குப் போட்டால், முழுத் தகுதி பெற்ற புதிய ஆசிரியருக்கு (ஊதியம் 32,916 பவுண்டு) பள்ளிக்கு ஆகும் செலவு சுமார் 46,500 பவுண்டு. அதாவது, முதல் சில மாதங்கள் ஒரு வகுப்பைத் தனியாக ஒப்படைக்கவே முடியாத ஒருவருக்காக, முழு ஆசிரியருக்கு ஆகும் செலவில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்று அதிகமாகப் பள்ளி எடுத்துவைக்க வேண்டும்.

அரசு மானியம் தராதா? தரும். ஆனால் அது பற்றாக்குறைப் பாடங்களை நோக்கிச் சுருங்கிவிட்டது. தொடக்கப்பள்ளிக்கோ வரலாற்றுக்கோ கிடையாது. 2018 முதல் இன்னொரு வழியும் உண்டு: ஆசிரியர் அப்ரென்டிஸ்ஷிப். ஆண்டுச் சம்பளப் பட்டியல் 30 லட்சம் பவுண்டைத் தாண்டும் முதலாளிகள், தாண்டிய தொகையில் 0.5 சதவீதத்தை அப்ரென்டிஸ்ஷிப் வரியாகக் கட்ட வேண்டும். அந்த நிதியிலிருந்து ஒரு ஆசிரியர் பயிற்சிக்கு 9,000 பவுண்டு வரை எடுக்கலாம். ஆனால் அந்தப் பணத்தைப் பயிற்சிக்கு மட்டுமே செலவிடலாம், சம்பளத்துக்குத் தொட முடியாது. பெரிய செலவே சம்பளம்தானே!

விளைவு எளிது. பல பள்ளிகளை நடத்தும் பெரிய அறக்கட்டளைகள் சமாளிக்கும். கிராமத்தில் நான்கைந்து ஆசிரியர்களோடு ஓடும் சிறிய பள்ளி யோசிக்கவே யோசிக்காது.

எந்தப் பட்டியலிலும் வராத செலவு

பவுண்டில் எழுத முடியாத இன்னொரு செலவு இருக்கிறது. மென்டரின் நேரம்.

பயிற்சி ஆசிரியர் குறைந்தது 120 நாட்கள், குறைந்தது இரண்டு பள்ளிகளில் இருக்க வேண்டும் என்பது விதி. அதாவது 24 பள்ளி வாரங்கள். அவர் வகுப்பெடுப்பதைப் பார்க்க வேண்டும், குறிப்பெடுக்க வேண்டும், பிறகு உட்கார்ந்து பேச வேண்டும். வாரத்துக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்துக்கொண்டாலே ஒரு மென்டருக்கு 36 மணி நேரம். அந்த நேரத்தில் அவருடைய வகுப்பை யார் எடுப்பது?

இங்கேதான் முடிச்சு. ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியர் ஒருவர்தான் என்றால், புதிய இயற்பியல் ஆசிரியரை உருவாக்கும் வேலையும் அவர் தலையில்தான் விழும். அவர் ஏற்கெனவே கூடுதல் பீரியட் எடுத்துக்கொண்டிருப்பார். அவரும் வேலையை விட்டால் அந்தப் பள்ளியில் பயிற்சியே நடக்காது. பற்றாக்குறை எங்கே அதிகமோ, அங்கேதான் பயிற்சி தரும் திறனும் குறைவு. பயிற்சியைப் பள்ளியிடம் ஒப்படைத்தால் பற்றாக்குறையும் அதோடு சேர்ந்தே போகும்.

குழாயைத் திறந்து மூடிய கதை

இன்னொரு சிக்கல், உதவித்தொகையின் ஏற்ற இறக்கம். 2020-ல் கொரோனா வந்தபோது வேறு வேலைகள் காணாமல் போயின, ஆசிரியர் பணி பாதுகாப்பாகத் தெரிந்தது. 2020-21-ல் பட்டமேற்படிப்புப் பயிற்சிச் சேர்க்கை இலக்கில் 115 சதவீதத்தைத் தொட்டது. 'ஆள்தான் வருதே, எதுக்குப் பணம்?' என்று அரசு நினைத்ததோ என்னவோ, அந்த அக்டோபரிலேயே அடுத்த ஆண்டுக்கான உதவித்தொகைகளை வெட்டியது. இயற்பியல், கணிதத்துக்கு 26,000-லிருந்து 24,000 ஆனது. ஆங்கிலம், புவியியல் உள்ளிட்ட சில பாடங்களுக்கு முழுவதுமாக நிறுத்தப்பட்டது.

கொரோனா போனது, வேலைச் சந்தை திரும்பியது. 2022-23-ல் மொத்தச் சேர்க்கை இலக்கில் 71 சதவீதம், உயர்நிலைப் பள்ளிப் பாடங்களில் 59 சதவீதம். மீண்டும் உதவித்தொகைகள் உயர்த்தப்பட்டன. 2023-24-ல் உயர்நிலை 50 சதவீதத்துக்கே இறங்கியது. அந்த ஆண்டின் இயற்பியல் எண்தான் ஆரம்பத்தில் பார்த்த 17.

இப்போது முதல் கேள்விக்கு வருவோம். உடற்கல்விப் பட்டதாரிக்கு ஆசிரியர் பணிதான் முதல் விருப்பம், அவர் பணம் இல்லாமலும் வருவார். இயற்பியல் பட்டதாரியை வங்கியும் மென்பொருள் நிறுவனமும் கூப்பிடுகின்றன. ஓராண்டு உதவித்தொகை அவரைப் பயிற்சிக்குள் கொண்டுவரலாம். ஆனால் அவர் கணக்குப் பார்ப்பது அதற்குப் பிறகு வரும் 30 ஆண்டுச் சம்பளத்தையும் வேலைச் சுமையையும் சேர்த்துத்தான்.

இடங்களைப் பங்கிட்டதிலும் குழப்பம்

பள்ளிகள் ஆயிரக்கணக்கில். எந்தப் பள்ளிக்கு எத்தனை இடம் என்று யார் முடிவு செய்வது? 2015 இறுதியில், அடுத்த ஆண்டுச் சேர்க்கைக்கு அரசு ஒரு முறை கொண்டுவந்தது: தேசிய அளவில் ஒரு வரம்பு, முதலில் வருபவருக்கு முதலிடம். பல்கலைக்கழகங்களுக்குக் கட்டுப்பாடு, பள்ளி வழிப் பாதைக்குச் சலுகை. வரலாறு, உடற்கல்வி போன்ற பாடங்களில் சில வாரங்களிலேயே பல்கலைக்கழகங்களின் கதவு மூடப்பட்டது. நல்ல விண்ணப்பதாரரை நிதானமாகத் தேட நினைத்த நிறுவனம் தோற்றது, தட்கல் டிக்கெட் போல ஓடியவர் ஜெயித்தார்.

2016 பிப்ரவரியில் தேசியத் தணிக்கை அலுவலகம் வெளியிட்ட அறிக்கை கடுமையாக இருந்தது. 2015-16-ல் 17 உயர்நிலைப் பாடங்களில் 14-ல் இடங்கள் காலி. 2010-11-ல் அப்படிக் காலியிருந்தவை இரண்டே பாடங்கள். ஆண்டுக்குச் சுமார் 70 கோடி பவுண்டு செலவாகும் ஒரு அமைப்பில், விண்ணப்பிப்பவருக்கு எந்தப் பாதை எதற்கு என்பதே புரியவில்லை என்றும் தணிக்கையாளர்கள் சொன்னார்கள்.

அடுத்த மாற்றம் எதிர்த்திசையில் வந்தது. தரத்தை ஒரே சீராக்க, 2024 செப்டம்பர் முதல் பயிற்சி நிறுவனங்கள் எல்லாம் புதிதாக அங்கீகாரம் பெற வேண்டும் என்றது அரசு. சுமார் 240 நிறுவனங்கள் இருந்த இடத்தில் 179 தேறின. கிடைக்காதவை வேறு நிறுவனத்தோடு கூட்டுச் சேர வேண்டியதாயிற்று. 'ஸ்கூல் டைரக்ட்' என்ற பெயரும் விடைபெற்றது. பள்ளிகளுக்குச் சுதந்திரம் என்று தொடங்கிய பயணம், மையத்தின் விரிவான விதிமுறைகளில் வந்து நின்றது.

சதவீதத்தை நம்பலாமா?

இந்தத் தரவுகளைத் தொகுக்கும்போது நானும் முதலில் சதவீதங்களை மட்டுமே வரிசையாக அடுக்கினேன். அப்புறம்தான் இலக்கே ஆண்டுக்கு ஆண்டு மாறுவது உறைத்தது.

2024-25-ல் உயர்நிலைப் பாடங்களுக்கான இலக்கு சுமார் 23,900 பேர். சேர்ந்தது 62 சதவீதம், அதாவது ஏறக்குறைய 14,800 பேர். 2025-26-க்கு அரசு இலக்கைச் சுமார் 19,300 ஆகக் குறைத்துவிட்டது. அதே 14,800 பேர் மறுபடி வந்தால் போதும், சதவீதம் 77 ஆகிவிடும். ஒருவர்கூடக் கூடுதலாகச் சேராமலே 15 புள்ளி முன்னேற்றம்!

இலக்கைக் குறைக்கக் காரணம் இல்லாமல் இல்லை. அங்கே மாணவர் எண்ணிக்கை குறையத் தொடங்கியிருக்கிறது. ஆனாலும், இனி 'இலக்கில் இத்தனை சதவீதம்' என்ற தலைப்பைப் பார்த்தால் உடனே கீழே இருக்கும் எண்ணையும் தேடுங்கள். நம் ஊர்ப் புள்ளிவிவரங்களுக்கும் இது பொருந்தும்.

இந்தியாவிலிருந்து போகலாமா?

2023 பிப்ரவரி முதல், இந்தியா உள்ளிட்ட ஒன்பது இடங்களில் தகுதி பெற்ற ஆசிரியர்கள் நேரடியாக க்யூ.டி.எஸ்.-க்கு விண்ணப்பிக்கலாம். இந்தியர்களுக்கு இது கணிதம், அறிவியல், மொழிப் பாடங்களை 11 முதல் 16 வயது மாணவர்களுக்குக் கற்பிக்கத் தகுதி பெற்றவர்களுக்கே. பி.எட். முடித்து அனுபவமும் உள்ளவர்கள் பார்க்க வேண்டிய வழி இதுதான்.

அங்கே போய்ப் பயிற்சியில் சேர நினைப்பவர்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்கணும். ஒன்று, 2025-26-ல் வெளிநாட்டவருக்கு உதவித்தொகை இயற்பியலுக்கும் மொழிகளுக்கும் மட்டுமே. கணிதத்துக்குக்கூட இல்லை. இரண்டு, 9,535 பவுண்டு என்ற உச்சவரம்பு வெளிநாட்டு மாணவர்களுக்குப் பொருந்தாது, கட்டணம் அதைவிட அதிகம். மூன்று, 2024 ஜனவரி முதல் இந்த வகைப் படிப்புக்கான மாணவர் விசாவில் துணைவரையும் குழந்தைகளையும் அழைத்துப் போக முடியாது. '29,000 பவுண்டு, அதாவது 33 லட்சம்' என்று ஏஜென்ட் சொன்னால், இந்த மூன்றையும் கழித்துவிட்டு மீதியைக் கணக்கிடுங்கள்.

இதிலிருந்து இந்தியா என்ன கற்கலாம்?

நம்முடைய சூழல் வேறு. தரமற்ற கல்லூரிகள் நமக்கு முதல் பிரச்சினை. நாட்டில் 10,000-க்கு மேற்பட்ட தனித்த ஆசிரியர் கல்வி நிறுவனங்களில் பெரும்பாலானவை பட்டத்தை விலைக்கு விற்கின்றன என்று, உச்ச நீதிமன்றம் அமைத்த நீதிபதி ஜே.எஸ்.வர்மா ஆணையத்தை (2012) மேற்கோள் காட்டித் தேசியக் கல்விக் கொள்கை 2020 சொல்கிறது. அதற்கு மருந்தாக அந்தக் கொள்கை முன்வைத்தது நான்கு ஆண்டு ஒருங்கிணைந்த பி.எட். 2023-24-ல் 57 நிறுவனங்களுக்கு அனுமதியுடன் இது தொடங்கியது. 2025 பிப்ரவரியில் வந்த வரைவு விதிமுறைகள், ஓராண்டு பி.எட்.டையும் மீண்டும் கொண்டுவர முன்மொழிந்தன.

இந்த விவாதம் எல்லாம் 'எத்தனை ஆண்டு?' என்பதைச் சுற்றியே நடக்கிறது. இங்கிலாந்து அனுபவம் வேறு கேள்வியைக் கேட்கச் சொல்கிறது: பயிற்சி நடக்கும் அந்த நாட்களின் செலவு யாருடையது?

2014 விதிமுறைகளின்படி இரண்டாண்டு பி.எட்.டில் மொத்தம் 20 வாரம் பள்ளி இன்டர்ன்ஷிப் உண்டு. கட்டணம் கட்டுவது மாணவர். பெரும்பாலும் ஸ்டைபண்ட் கிடையாது. அவரை வழிநடத்த வேண்டிய பள்ளி ஆசிரியருக்கு அதற்கென்று ஒரு பீரியட்கூட ஒதுக்கப்படுவதில்லை. பல இடங்களில் இன்டர்ன்ஷிப் என்பது, ஆசிரியர் இல்லாத வகுப்பைப் பார்த்துக்கொள்ளக் கிடைத்த இலவச ஆளாக முடிகிறது.

இன்னொரு எண். மத்தியக் கல்வி அமைச்சகத்தின் யுடைஸ் பிளஸ் 2024-25 தரவின்படி, நாட்டில் ஆசிரியர் எண்ணிக்கை ஒரு கோடியைத் தாண்டிவிட்டது. அதே தரவில், ஒரே ஒரு ஆசிரியரோடு இயங்கும் பள்ளிகள் 1,04,125. அவற்றில் படிக்கும் குழந்தைகள் 33 லட்சத்துக்கும் மேல். அந்தப் பள்ளியில் மென்டர் யார்? யார் வகுப்பெடுக்க, யார் பார்த்துக் கற்றுக்கொள்ள?

முடிவாக...

பள்ளியில் நின்று கற்றுக்கொள்ளும் ஆசிரியர் நல்ல ஆசிரியராவார் என்பதை இங்கிலாந்து அனுபவம் பொய்யாக்கவில்லை. பயிற்சி அறையை மாற்றியதோடு செலவும் கைமாறியது, ஆனால் அதற்கான பணம் முழுசாகக் கூடவே போகவில்லை என்பதைத்தான் அது காட்டுகிறது. மிச்சத்தை ஏற்றவர்கள் யார்? கடன் வாங்கிய பயிற்சி ஆசிரியர், சம்பளத்தைத் தேடிய பள்ளி, ஓய்வு பீரியடை விட்டுக்கொடுத்த மென்டர். கடைசியாக, இயற்பியல் ஆசிரியரே வராத வகுப்பில் உட்கார்ந்திருக்கும் மாணவர்.

எனவே, ஆசிரியர் கல்வியில் அடுத்த சீர்திருத்தம் என்று எந்த அரசு அறிவித்தாலும் மூன்றே கேள்விகள் கேளுங்கள். பயிற்சிக் காலத்தில் அந்த இளைஞர் எதை வைத்துச் சாப்பிடுவார்? அவருக்குக் கற்றுத்தரும் ஆசிரியரின் வகுப்பை யார் எடுப்பார்? இன்று தரும் உதவித்தொகை, அவர் படிப்பை முடிக்கும் ஆண்டிலும் இருக்குமா?

இந்த மூன்றுக்கும் பட்ஜெட்டில் ஒரு வரியாவது இருந்தால் அது திட்டம். இல்லையென்றால் அந்த பில், பி.எட். படிக்கும் பிள்ளையின் வீட்டுக்குத்தான் வரும்.